கழிவு கிடைக்காத ஊரில் அர்த்தனாரி போட்ட தளம்

அர்த்தனாரி தம் ஐம்பத்து நாலாவது வயதில், உதவிக்கு ஒரு ஆளும் வைத்துக்கொள்ளாமல், தாமே கடப்பாரை எடுத்துப் பெண்டாட்டியின் சிமெண்டுத் தளத்தை உடைத்தார். சுற்றுச்சூழலைக் காப்பதற்காக உடைத்ததாகப் பசுமைக் கூடத்து ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது. பொன்னம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் எதையும் மறப்பதில்லை.

மலைமேல் பெரக்கரை நாட்டில் பதினெட்டு வீடுகள் உள்ள ஊர் அவர்களுடையது. மேட்டில் சாமை, சரிவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு, கீழே ஓடையோரம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் நாலு வயல். கொத்து வேலையை அர்த்தனாரிக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பரம்படிப்பது. உழுத சேற்றின்மேல் மாடு பலகையை இழுத்துக்கொண்டு போகும், பின்னால் இவர் போவார். இவர் போன பிறகு நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்கும். மேகத்தில் ஒரு துண்டு கழன்று வயலில் படுத்துக்கொண்டதுபோல இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்று நடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிட்டு வயலைக் காட்டிவிட்டுப் போவார்கள். சில பேர் ஜாதகம் காட்டுவதில்லையா, அது மாதிரி.

தொண்ணூற்றேழில் ஊருக்கு ஒரு சத்துணவுக் கூடம் வந்தது. அடிவாரத்திலிருந்து வந்த மேஸ்திரி தளம் போட்டார். சாதம் போட்டால் சாதம் நின்றது. சாம்பார் மட்டும் தட்டைத் தாண்டிக் குதித்து வடக்கு மூலைக்கு ஓடியது. மேஸ்திரியைக் கேட்டதற்கு, மலையே சாய்ந்து கிடக்கும்போது தான் என்ன செய்வது என்றார். எல்லோரும் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார்கள். அர்த்தனாரி ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் களிமண் வரப்புக் கட்டினார். ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுபோய் உள்ளே கணுக்கால் அளவு நிறுத்தினார். அரை நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார். எங்கே தரை தலை காட்டியது, எங்கே முங்கியது என்று கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். பிறகு அந்தத் தளத்தின்மேல் தாமே ஒரு தளம் போட்டார். அன்று மத்தியானம் சாம்பார் எங்கேயும் போகவில்லை.

அதற்குப் பின்னால் அவர் மேஸ்திரி. ரசமட்டத்தை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுக்குத் தெரிவது ஒரு குளத்துக்குத் தெரியாதா என்பார். கூடவே ஒரு பழக்கம்: எந்தத் தளம் போட்டாலும் ஒரு மூலையில், சுவருக்கு அடியில், மூன்று விரல் நுழைகிற அளவுக்கு ஒரு மடை விட்டுவிடுவார். தண்ணீர் கட்டுகிற இடத்துக்கு மடை இல்லாமல் எப்படி என்று அவருக்குப் புரியவே இல்லை. செம்மேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் தம் கடையின் மடையைச் சாக்கைத் திணித்து அடைத்து வைத்திருந்தார். அர்த்தனாரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார்.

ஊரெல்லாம் தளம் போட்டவர் சொந்த வீட்டில் தளம் போட இரண்டு வருடம் ஆனது. பொன்னம்மாள் முப்பது வருடம் மண்தரையைச் சாணி போட்டு மெழுகியவள். ஐப்பசி மழையில் தரை காயாது. மெழுகினாலும் ஈரம், மெழுகாவிட்டாலும் ஈரம். எலி ஒரு பக்கம் வளை தோண்டும், முழங்கால் ஒரு பக்கம் வலிக்கும். தொண்ணூற்றொன்பது மாசியில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில், மூன்று அங்குல கனத்தில், அர்த்தனாரி அவளுக்குத் தளம் போட்டுக் கொடுத்தார். மேலே செங்காவி தேய்த்தார். ஈரம் காய்ந்ததும் பொன்னம்மாள் நடுவில் உட்கார்ந்து ஒரு முறம் சாமை புடைத்தாள்.

அந்த ஊரில் அப்படித்தான். புதுத் தரையில் வீட்டுக்காரி உட்கார்ந்து முதல் முறம் புடைக்க வேண்டும். புடைத்துவிட்டால் தரை அவளுடையது. அவள் "வாங்க" என்று சொல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள், ஊர்க்கவுண்டரே ஆனாலும். புருஷனையும் ஒரு தடவை கூப்பிட வேண்டும். அந்த ஒரு தடவை ஆயுசுக்கும் செல்லும்.

செல்லும் என்றுதான் அர்த்தனாரி நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அறக்கட்டளை வந்து, அர்த்தனாரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பயிற்சிக் கூடம் கட்டத் தொடங்கியது. பசுமைக் கூடம் என்று பெயர். இருபத்து நாலுக்குப் பதினைந்து. கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டவன் தரணிதரன், காளப்பநாயக்கன்பட்டிப் பையன், பாலிடெக்னிக் முடித்தவன், பார்ப்பதற்குப் பரீட்சைக்கு நேரமாகிவிட்டவன் மாதிரியே இருப்பான். அவன் கையில் ஒரு பைல் இருந்தது. அதில் ஒரு விதி இருந்தது. தளக் காரையில் நூற்றுக்கு அறுபது பங்கு கழிவுப் பொருளாக இருக்க வேண்டும். அந்தக் கழிவு பத்து கிலோமீட்டருக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். கீழேயிருந்து லாரியில் கொண்டுவந்தால் டீசல் புகை. அதனால் சிமெண்டைத் தவிர எதுவும் மலையேறக் கூடாது.

அர்த்தனாரி கழிவு என்றால் என்ன என்று கேட்டார். உடைந்தது, வேண்டாம் என்று தூக்கிப் போட்டது என்றான் தரணிதரன். அர்த்தனாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று யார் போடுவார்கள் என்று கேட்டார். அவன் சிரித்தான். ஒரு வாரம் கழித்து அவன் சிரிக்கவில்லை.

அந்த ஊரில் கழிவே இல்லை. உடைந்த ஓடு அடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உடைந்த பானையில் கோழி தண்ணீர் குடித்தது. சிமெண்டுச் சாக்கு மழைக்குக் கொங்காணியாகத் தலையில் இருந்தது. பிராந்திப் பாட்டில்களில் தேன் இருந்தது. சைக்கிள் டயர் பாதி கிணற்றுக் கயிறாகவும் பாதி சின்னப் பிள்ளைகளின் பஸ்ஸாகவும் ஓடியது. தரணிதரன் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் கழிவு இருக்கிறதா என்று கேட்டான். மூன்று வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். நாலாவது வீடு அத்தாயி என்ற கிழவியுடையது. அவள் அவனை மரியாதையாக உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"கழிவுதானே கண்ணு, ஒண்ணு இருக்குது. உள்ள கட்டல்ல படுத்துருக்குது. நீயே தூக்கிக்கறயா, நான் ஆள் உட்டு அனுப்பட்டுமா?"

உள்ளேயிருந்து அவள் புருஷன், தான் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருப்பதாகக் குரல் கொடுத்தார். அதற்குள் விதி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

இரும்புச் சட்டியில் அள்ளி இரண்டு பாண்டு ஓட்டுச்சில்லு சேர்ந்தது. அதற்குமேல் சேரவில்லை. தரணிதரன் புத்தகத்தைப் புரட்டி, விவசாயக் கழிவும் ஆகும் என்று கண்டுபிடித்தான். குச்சிக்கிழங்குத் தோலைக் காயவைத்துப் பொடித்து, சிமெண்டில் கலந்து, இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு சோதனைத் துண்டு போட்டார்கள். அர்த்தனாரி அதை ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்தார். எட்டாம் நாள் சாக்கை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் ஆடுகள் வந்தன. பதினோராம் நாள் துண்டின் நடுவில் ஒரு சோற்றுக் கிண்ணம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஆடுகள் சுற்றிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. தரணிதரன் ரிஜிஸ்டரில், "தேய்மானம் அதிகம்" என்று எழுதினான்.

தை பத்தாம் தேதி திறப்பு விழா என்று கடிதம் வந்தது. வரைபடம் போட்ட அனுராதா மேடம் வருகிறார், கூட மேலிடத்துப் பெரியவர்களும் வருகிறார்கள். மார்கழி பிறந்துவிட்டது. தரணிதரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலை அர்த்தனாரி வீட்டு வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். பொன்னம்மாள் ஊரில் இல்லை. முள்ளுக்குறிச்சியில் தங்கை மகளுக்குச் சீர் என்று மூன்று நாள் போயிருந்தாள். செங்காவித் தளம் வெயிலில் மாட்டின் நாக்கு மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, இதை உடைச்சா எத்தன பாண்டு வரும்?" என்றான்.

இதை ஏன் உடைக்க வேண்டும் என்று அர்த்தனாரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மனசு ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டது. பன்னிரண்டுக்குப் பத்து, மூன்று அங்குலம். கூடத்துத் தளம் ஒன்றரை அங்குலம். அறுபது பங்குக்குச் சரியாக வரும், ஒரு சட்டி மிச்சமும் இருக்கும். இருபத்து நாலுக்குப் பதினைந்து அடி மட்டம் அவர் ஆயுசில் போட்டதில்லை. ஒரு முழு வயல். கூரைக்குக் கீழே ஒரு முழு வயல். உடைத்து முடித்ததும் வீட்டுக்குப் புதுத் தளத்துக்கு வேண்டிய சிமெண்டு தன் பொறுப்பு என்று தரணிதரன் சத்தியம் பண்ணினான். இரண்டு நாளில் உடைத்து, மூன்றாம் நாள் புதுசு போட்டுவிட்டால், பொன்னம்மாள் வந்து பார்க்கும்போது தளம் தளமாகவே இருக்கும். முன்னைவிட நன்றாகக்கூட இருக்கும். அர்த்தனாரி கடப்பாரையை எடுத்தார்.

நல்ல தளம். உடைய மாட்டேன் என்றது. தாம் போட்ட தளத்தின் உறுதியை அவர் ஒவ்வொரு அடியிலும் மெச்சிக்கொண்டே உடைத்தார்.

மூன்றாம் நாள் தரணிதரன் சிமெண்டு தர முடியாது என்றான். மனசு இல்லாமல் இல்லை. அறக்கட்டளையின் சிமெண்டில் எந்தத் தளம் போட்டாலும் அறுபது பங்கு கழிவு கலக்க வேண்டும் என்பது விதி. ஊரில் இருந்த கடைசிக் கழிவு பொன்னம்மாளின் தளம்தான். அது கூடத்துக்குப் போய்விட்டது. அவனே இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, அசந்து உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலப் பஸ்ஸில் பொன்னம்மாள் வந்தாள். தலையில் சீர்ப் பலகாரக் கூடை. வாசலில் நின்றாள். உள்ளே பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில், விசேஷ நாள் மாதிரி, நன்றாகப் பெருக்கி வைத்திருந்தார் அர்த்தனாரி.

எங்கே போச்சு என்று கேட்டாள். அவர் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். தை முடிவதற்குள் போட்டுத் தந்துவிடுகிறேன் என்றார். அவள் கூடையை இறக்கினாள். பலகாரத்தைப் பங்கு வைத்தாள். அவருக்கும் கொடுத்தாள். அவர் பயந்தே போனார்.

கூடத்துத் தளத்தை அவர் அந்த வாரமே போட்டார். சல்லியைவிடச் சின்னதாகத் தட்டிய துண்டுகள், மணல், சிமெண்டு. மட்டக்கட்டையை இழுக்கும்போது கால் தானாகப் பரம்புக்குப் பின்னால் நடப்பதுபோல நடந்தது. வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார். கூரைக் கைமரங்கள் தண்ணீரில் ஒன்றுகூட நெளியாமல் தெரிந்தன. தரணிதரன் ரசமட்டம் வைத்தான்; குமிழி நடுவில் போய் நின்றது. ஒரு மயிரிழை ஏற்றத் தாழ்வு இல்லை. மேல் பூச்சைக் கொஞ்சம் தேய்த்ததும் துண்டுகளின் முகம் வெளியே வந்தது. சாம்பல் தளத்தில் அங்கங்கே செங்காவி, நகத்தளவும் நெற்றிப்பொட்டளவும்.

தண்ணீர் வடித்த மறுநாள் காலை, அர்த்தனாரி வரப்பை வழித்துக்கொண்டிருந்தபோது, பொன்னம்மாள் முறத்தோடு வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். குனிந்து செங்காவித் துண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சந்தையில் தொலைத்த ஆட்டை மந்தையில் தேடுகிறவள் மாதிரி. பிறகு நடுவில் உட்கார்ந்து சாமை புடைத்தாள். உமி பறந்து புதுத் தளமெங்கும் இறங்கியது. தண்ணீருக்குப் போன மூன்று பெண்கள் குடத்தோடு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றே ஊரில் பேச்சு வந்தது. ஏற்கெனவே புடைத்த தளத்தை உடைத்து வேறு இடத்தில் போட்டால் மறுபடி புடைக்கலாமா, செல்லுமா? ஊர்க்கவுண்டர் காளியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒருத்தி பானைச் சோற்றைக் குண்டாவில் மாற்றி வைத்தால் சோறு வேறொருத்தியுடையது ஆகிவிடுமா என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தரணிதரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள்.

தை பத்தாம் தேதி மலையை மஞ்சு மூடியிருந்தது. சாரல் வேறு. ஜீப்பில் அனுராதா வந்தார். ஒட்ட வெட்டிய முடி, கைத்தறிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. பின்னாலேயே இரண்டு பெரியவர்கள், ஒருவருக்குக் கடுமையான ஜலதோஷம். உள்ளே முப்பது நாற்காலி. ஊர் முழுக்க வந்திருந்தது, ஆனால் வெளியே நின்றது. சாக்குக் கொங்காணியோடு, சாரலில், வாசலைப் பார்த்தபடி, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பதுபோல நின்றது.

தரணிதரன் மைக்கில் அனைவரையும் உள்ளே அழைத்தான். யாரும் அசையவில்லை. இரண்டாம் தடவை அன்போடு அழைத்தான். மூன்றாம் தடவை தாழ்மையோடு அழைத்தான். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து அனுராதாவே வாசலுக்கு வந்து கும்பிட்டுக் கூப்பிட்டார். காளியண்ணன் பதிலுக்குக் கும்பிட்டார்.

"நீங்க கூப்புட முடியாதுங்க அம்மணி. தப்பா நெனைக்காதீங்க. நீங்களே யாரும் கூப்புடாமத்தான் உள்ள போயிருக்கறீங்க."

அனுராதா தம் காலடித் தளத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஊரோடு நின்றார். அவர் நிற்பதைப் பார்த்துப் பெரியவர்களும் வெளியே வந்தார்கள். ஜலதோஷக்காரருக்கு அத்தாயி தன் கொங்காணியைக் கொடுத்தாள். கடைசியாகத் தரணிதரனும் வந்தான், மைக்கோடு. இப்போது எல்லோரும் வெளியே நின்றார்கள். உள்ளே முப்பது நாற்காலி ஒன்றையொன்று பார்க்காமல் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தன.

யார் கூப்பிட வேண்டும் என்று அனுராதா கேட்டார். எல்லோரும் அர்த்தனாரியைப் பார்த்தார்கள்.

பொன்னம்மாள் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி வரப்பில் நின்றார். எல்லோரும் நனைகிறார்கள் என்றார். நனையட்டும், மழைதானே என்றாள் அவள். ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டுப் போ என்றார்.

அவள் களைவெட்டியை நிறுத்தினாள். "நான் சொல்றேன். அது யாரு தளம்னு மொதல்ல நீங்க அங்க சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். ஜீப்புல வந்த அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க."

கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நல்ல தளத்தை உடைத்தது தெரிந்தால் அது கழிவில்லை. கழிவில்லை என்றால் விதி போயிற்று. விதி போனால் கூடத்துத் தளத்தை உடைக்கச் சொல்வார்கள். அவர் ஆயுசின் மட்டம். அடுத்த வருடம் யாராவது பார்த்து, இது யார் போட்டது என்று கேட்பார்கள் என்று அவர் ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்த தளம். அதற்கும் ஒரு கடப்பாரை வரும். ஒரு பெண்ணுக்கு இரண்டு தளம் போட்டு இரண்டையும் உடைத்தவன் என்று அவர் பெயர் நிற்கும்.

அவர் நடந்தார். பின்னால் அவளும் வந்தாள், களைவெட்டியோடு.

வாசலில் அனுராதாவின் முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "இது பொன்னம்மா தளமுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தானுங்க ஒடைச்சேன்" என்றார்.

அனுராதா பைலைத் திறந்தார். சாரல் படாமல் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு படித்தார். தரணிதரன் தன் ஷூவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். உடையாத தளம்தானா என்று அனுராதா அவனைக் கேட்டார். அவன் தலையாட்டினான். உரிமையாளர் வேண்டாம் என்று போட்டால்தான் கழிவு, அப்படித்தான் விதி என்றார்.

"நான் போடவே இல்லியே கண்ணு" என்றாள் பொன்னம்மாள்.

அப்படியானால் இந்தத் தளத்தில் இருக்கும் கழிவு இரண்டு பாண்டு ஓட்டுச்சில்லு மட்டும் என்று அனுராதா மெதுவாகச் சொன்னார். அப்போது அர்த்தனாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் அவர் பேசியதில்லை.

"ஏனுங்க, இப்ப இதை ஒடைச்சுப் போட்டா நெசமான கழிவு ஆயிருமுங்கல்ல. அதையே திருப்பிப் போட்டுறலாமுங்க. அப்ப விதிக்குச் சரியா வந்துரும்."

அவர் கிண்டல் பண்ணவில்லை. அனுராதா சிரிக்கவில்லை. விதிப்படி அது சரி என்பதை அவர் யோசித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஜலதோஷக்காரர், கொங்காணிக்குள்ளிருந்து, எப்படியாவது உட்கார வழி பண்ணுங்கள் என்று கெஞ்சினார். அனுராதா பின்பக்கம் புரட்டினார். இன்னும் பின்பக்கம் புரட்டினார். யாரும் இதுவரை நிரப்பாத ஒரு பக்கத்தில் நின்றார். ஒரு பொருள் இடம் மாறிய பின்னும் அதன் உரிமையாளர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அது மறுபயன்பாடு. விதியில் அதற்குக் கழிவைவிட மதிப்பு அதிகம். ஒரே நிபந்தனை, உரிமையாளர் வாரத்துக்கு நாலு நாளாவது அதைப் பயன்படுத்த வேண்டும். எத்தனை அடி என்று கேட்டார். பன்னிரண்டுக்குப் பத்து என்றாள் பொன்னம்மாள், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

அர்த்தனாரியிடம் நூலைக் கொடுத்தார்கள். உள்ளே போய் அளக்கும்படி சொன்னார்கள். அவர் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு, பொன்னம்மாளைப் பார்த்தார். அவள் நூலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தரணிதரனை மட்டும், வா கண்ணு என்று கூப்பிட்டு, இருவருமாகப் போய் அளந்தார்கள். மூலை எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, மேடைக்கு நேர் முன்னால், வெயில் விழுகிற இடத்தைக் காட்டினாள். பதினாறு நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது. சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

பிறகு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். மொத்தமாகக் கூப்பிடவில்லை; ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, முறை சொல்லி. ஜலதோஷக்காரரை, நீங்களும் வாங்க சாமி என்றாள். அத்தாயியின் புருஷனைக் கூப்பிடும்போது அத்தாயி, அதை வெளியிலேயே போட்டுட்டு வா என்றாள். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் வாசலில் அர்த்தனாரி மட்டும் நின்றார். அவள் கொஞ்ச நேரம் மஞ்சைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிப் போனாள்.

விழா நன்றாக நடந்தது என்று சொன்னார்கள். தளத்தின் மட்டத்தைப் பற்றி அனுராதா கால் மணி நேரம் பேசினாராம். அதில் பாதியை அர்த்தனாரி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்.

அந்த வருடம் கூடத்துக்கு ஒரு சான்றிதழ் வந்து சுவரில் ஏறியது. தேனீ வளர்ப்பு, மண்புழு உரம் என்று வகுப்புகள் நடந்தன. கீழேயிருந்து பாடம் எடுக்க வருகிறவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவார்கள். மாணவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பொன்னம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டோ மிளகு பொறுக்கிக்கொண்டோ இருப்பாள். அவள் தூங்குகிற நேரத்தில் ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். போகும்போது தரணிதரன் ரிஜிஸ்டரை நீட்டுவான். "பயன்படுத்தினேன்" என்ற இடத்தில் கைநாட்டு வைப்பாள். ஒரு வாரத்தில் மூன்று நாள்தான் வந்தாள் என்றால் நாலாம் நாளுக்காக அவன் வீட்டுக்கே வந்து கெஞ்சுவான்.

வீட்டுப் பள்ளத்தை அர்த்தனாரி மண் போட்டு மெத்தினார். இப்போது அவரே சாணி கரைத்து மெழுகினார். பொன்னம்மாள் சமைத்தாள், பேசினாள், சண்டை போட்டாள், எல்லாம் வழக்கம்போல. ஆனால் கூடத்துக்குள் அவரைக் கூப்பிடவில்லை. மத்தியானம் அவள் சோற்றை மறந்துவிட்டுப் போனால் அவர் தூக்குப் போசியில் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து தளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். ஊரில் யாரும் இதைக் கேலி செய்யவில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் எப்படிப் போவது?

மறு வருடம் ஆடியில் ஒரு நாள் விடாமல் மழை. வகுப்பு இல்லை. கூடத்தில் பொன்னம்மாள் மட்டும் இருந்தாள். அர்த்தனாரி போசியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க."

நின்றார்.

அவள் குனிந்து ஒரு மிளகைத் தரையில் வைத்து, அது எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பக்கம் மட்டம் சாயுது. தண்ணி தெளிச்சாத் தெக்கால ஓடுது. என்னமோ மேஸ்திரின்னு பேரு."

அர்த்தனாரி வாசற்படிக்கே திரும்பி வந்தார். சாயாது என்றார். சாயுது என்றாள். அரை நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த தளம் என்றார். அப்படியானால் இது ஏன் ஓடுகிறது என்று கேட்டாள். அங்கிருந்து என்ன தெரியும், வந்து பார்த்தால்தானே தெரியும் என்றாள்.

அவர் காலைக் கழுவிக்கொண்டு, ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, உள்ளே போனார். கயிற்றுக்கு அடியில் புகுந்து, தரையில் படுத்து, கன்னத்தைத் தளத்தோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். செங்காவித் துண்டு ஒன்று மூக்கின் நுனிக்கு அருகில் இருந்தது. அதற்கு அப்பால் தளம் ஒரே கோடாகப் போய்ச் சுவரைத் தொட்டது. எங்கும் சாய்வில்லை.

"சரியாத்தானே இருக்குது" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றாள் பொன்னம்மாள், மிளகைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டே.

அவர் மறுபடி கன்னத்தை வைத்தார்.